பருத்திக் குடோனில் நடத்திய இங்கிலீஷ் பாடம்

'மன்னிச்சு விட்டுட்டேன்'னு சொல்றவுகளைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும். எனக்கு அந்தக் குணம் வாய்க்கல. எத்தனையோ வருஷம் ஓடிப்போச்சு, இன்னைக்கும் அந்தாளு முகத்தை நெனச்சா சோத்துல வச்ச கை அப்படியே நிக்கும். 'அவரு இவரு'ன்னு எழுதுனா மரியாதையாத்தான் இருக்கும். எனக்குக் கை வராது. அந்தாளுன்னே எழுதுறேன், படிக்கிறவுக பொறுத்துக்கோங்க.

அந்தாளு தேனிக்குப் பக்கத்துல ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடம் நடத்துனான். அதுக்கு முன்னால செங்கல் சூளை வச்சிருந்தானாம். ரெண்டாயிரம் பொறந்து நாலஞ்சு வருஷம் ஆன சமயம் அது. நான் அங்கன ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர். எங்க ஊரு உத்தமபாளையத்துக்குப் பக்கம். விடிஞ்சதும் பஸ் ஏறி சின்னமனூர், வீரபாண்டின்னு தாண்டி, பழனிசெட்டிபட்டியில எறங்கி நடந்து போவேன். வேலைக்குச் சேர்ற அன்னைக்கே, பத்தாவதுல இருந்து பி.எட். வரைக்கும் அத்தனை ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கித் தன் ரூம் பீரோவுல வச்சுப் பூட்டிக்கிட்டான். நடுவருஷத்துல டீச்சர் வேற வேலைக்கு ஓடிறக் கூடாதுல்ல, அதுக்காக. அக்கம்பக்கத்துல முக்காவாசி ஸ்கூல்ல அதுதான் வழக்கம், யாரும் அதை ஒரு அநியாயமா நெனைக்கிறதில்ல. நானும் நெனைக்கல.

என் வகுப்புல நாப்பது பேருக்குத்தான் அனுமதி. இருந்தது எழுபத்தோரு பேரு. மூணு பேரு உக்கார்ற பெஞ்சுல அஞ்சு பேரு. ஓரத்துல இருக்கிற புள்ளைக்கு ஒரு தொடைதான் பெஞ்சுல இருக்கும், இன்னொரு தொடை அந்தரத்துல. அஞ்சு பேரும் ஒரே நேரத்துல எழுத முடியாது, முழங்கை இடிக்கும். அதனால அதுகளா ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்துச்சுக. மூணு பேரு எழுதும்போது ரெண்டு பேரு கையைக் கட்டிக்கிட்டு இருக்கும், பெறகு அது மாறும். செவத்தோரமா இருக்கிற புள்ளைக்கு ஒண்ணுக்கு வந்துட்டா பெஞ்சே எந்திரிச்சு வெளிய வரணும். நான் பெஞ்சுகளுக்கு ஊடால ஒருக்களிச்சுத்தான் நடப்பேன்.

இந்த லட்சணத்துல, பாடத்துக்குப் பின்னால 'மீனிங் அண்ட் யூசேஜ்'னு ஒரு பயிற்சி வந்துச்சு. ஒரு சொல்லுக்கு அர்த்தம் எழுதி, அதை ஒரு வாக்கியத்துல வச்சும் எழுதணும். அதுல ஒரு சொல்லு 'ஓவர்க்ரௌடட்'. நோட்ஸ் புஸ்தகத்துல பஸ்ஸை வச்சு ஒரு வாக்கியம் போட்டிருந்துச்சு. எழுபத்தோரு பேரும் அந்தப் பஸ்ஸையே எழுதிக்கிட்டு வந்துச்சுக. எனக்கு வந்துச்சே கோபம்! அத்தனையையும் அடிச்சுவிட்டு, நானே ஒக்காந்து சொல்லிக் குடுத்தேன்.

"இங்க பாருங்க. க்ரௌடட்னா கூட்டமா இருக்கு, அம்புட்டுதான். அதுல குத்தம் ஒண்ணுமில்ல. வீரபாண்டித் திருவிழா க்ரௌடட். போறவுக சந்தோஷமாத்தான் போறாக. பேக்டுன்னா எள்ளு போட எடமில்ல. சினிமாக் கொட்டகை பேக்டா இருந்தா கொட்டகைக்காரனுக்குக் கொண்டாட்டம். ஓவர்க்ரௌடட் அப்படியில்ல. இத்தனை பேருதான் இருக்கலாம்னு ஒரு அளவு இருக்கு, எவனோ அதை மீறிட்டான். அந்தச் சொல்லைச் சொன்னாலே, மீறுனது யாருன்னு அடுத்த கேள்வி வந்துரும்."

மறுநாள் நோட்டுகளைத் திருத்தும்போது ஒரு நோட்டுல, நம்ம வகுப்பு ஓவர்க்ரௌடட்னு நல்ல இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம். எழுதுனது செவத்தோரத்துல உக்கார்ற ஒரு பொம்பளப் புள்ள. இளைப்புக்காரி, ஆஸ்துமா. மழை பெஞ்சா இருமும், வெயில் அடிச்சா இருமும். ஆனா புத்தி கத்தி மாதிரி. சொன்னதைச் சொன்னபடிக்கு, கூட்டாம கொறைக்காமச் சொல்லும். செவப்பு மையில 'குட்'னு போட்டுக் குடுத்தேன்.

அந்தாளுக்கு ஒரு பழக்கம். சனிக்கிழமையானா நோட்டுகளைக் கொண்டாரச் சொல்லிப் புரட்டுவான். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், புரியவும் செய்யும், அதான் வினை. என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, சோறு போடுற எடத்துக்கு வேட்டு வைக்கச் சொல்லிக் குடுக்குறியா?"ன்னான். வகுப்புக்கே என்னோட வந்து, அந்தப் புள்ள எழுதுனதை என் கையாலயே அடிக்க வச்சான். அதுக்குப் பதிலா 'ஸ்பேஷியஸ்'னு எழுதச் சொன்னான். விசாலமானன்னு அர்த்தம். நம்ம வகுப்பு விசாலமானதுன்னு எழுபத்தோரு புள்ளைக முழங்கையை இடிச்சுக்கிட்டு எழுதுனதை நான் நின்னு பார்த்தேன். அன்னைக்கே உள்ளுக்குள்ள கறுவ ஆரம்பிச்சுட்டேன். ஆனாலும் அது என்னோட போற சங்கதி. மறந்திருந்தாலும் மறந்திருப்பேன்.

அடுத்து நடந்ததை மறக்க முடியாது. அரசாங்க டீச்சர் வேலைக்கு நான் எழுதிப் போட்டிருந்ததுல எனக்கு வாய்ப்பு வந்துச்சு. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோட பத்து நாளைக்குள்ள மதுரைக்கு வந்து காட்டணும், வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்னு கடுதாசி. எங்க குடும்பத்துல அரசாங்க வேலை பார்த்தவுக ஒருத்தரும் கிடையாது. அம்மா அந்தக் கடுதாசியைச் சாமி படத்துக்கு முன்னால வச்சு விளக்கேத்திட்டாக.

அந்தாளுகிட்டப் போய்க் கேட்டேன். "பரிட்சை முடியட்டும், பார்க்கலாம்"னான். பரிட்சைக்கு இன்னும் ஏழு மாசம் கெடந்துச்சு. அழுதேன். ரெண்டு நாள் கெஞ்சினேன். மூணாம் நாள் எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

அப்பா திராட்சைத் தோட்டத்துக்காரவுக. கல்யாணத்துக்குக் கட்டுற வேட்டியை எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தாக. காலையில ஒன்பது மணிக்குப் போனோம். மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் ரூமுக்கு வெளியவே நிக்க வச்சான். உக்காரச் சொல்லல. பச்சத்தண்ணி குடுக்கல. உள்ள கூப்பிட்ட பெறகும் நிக்க வச்சுத்தான் பேசுனான். அப்பா துண்டைக் கையில எடுத்துக்கிட்டு, "புள்ளையோட பொழப்புங்கய்யா, தயவு பண்ணுங்க"ன்னாக. அந்தாளு எதையோ எழுதிக்கிட்டே தலையைத் தூக்காம, "பொம்பளப் புள்ளைக்கு என்னய்யா அவ்வளவு அவசரப் பொழப்பு? திராட்சை விக்கிறவன்தானே நீ? அழுகுறதுக்குள்ள தள்ளிவிடணும்னு எல்லாத்தையும் அப்படியே நெனப்பியோ?"ன்னான்.

அப்பா சிரிச்சாக. என்ன செய்யிறதுன்னு தெரியாத மனுசன் சிரிக்கிற சிரிப்பு. "தப்புத்தாங்கய்யா"ன்னு சொல்லிட்டு வெளிய வந்தாக. பஸ்ஸுல என் பக்கத்துலதான் உக்காந்தாக. வீரபாண்டி வந்தப்ப, "நாம போயிருக்கக் கூடாது ஆத்தா"ன்னு மட்டும் சொன்னாக. அந்தாளு என்னைத் திட்டியிருந்தா விட்டிருப்பேன். எங்கப்பா ஒரு தப்பும் பண்ணாம அங்கன போய்த் 'தப்பு'ன்னு சொன்னாக பாருங்க, அந்த ஒரு சொல்லுக்கு அந்தாளை என்ன செஞ்சாலும் தகும்னு முடிவு பண்ணிட்டேன்.

நாள் ஓடிக்கிட்டே இருந்துச்சு. இன்னும் மூணு நாள்தான் பாக்கின்னு இருக்கும்போது, ஸ்கூலுக்கு ஆய்வு வருதுன்னு தகவல். அந்த வருஷம் ஆய்வெல்லாம் ரொம்பக் கெடுபிடி. வகுப்புல எத்தனை புள்ளைக, எத்தனை ஜன்னல், எத்தனை கதவுன்னு எண்ணிப் பார்க்குறாகன்னு பேச்சு. வழக்கமா ஆய்வுன்னா அந்தாளு முந்தியே தெரிஞ்சுக்குவான். அனுமதிக்கு மிஞ்சின புள்ளைகளை வேன்ல ஏத்தி வைகை அணைக்கு அனுப்பிருவான். புள்ளைகளுக்கும் குஷி, ஆய்வு நாள்னா சுற்றுலா நாள். இந்தத் தடவை மொத நாள் சாயங்காலம்தான் தகவலே வந்துச்சு. முகூர்த்த நாள் வேற, ஒரு வேன் சிக்கல.

ஸ்கூலுக்குப் பின்னாலயே அவன் மச்சானோட பருத்திக் குடோன் இருக்கு. தகர ஷெட்டு. அதுல அடைச்சிரலாம்னு யோசனை. எல்லா டீச்சரையும் கூப்பிட்டு, "பார்க்க லட்சணமா, கேட்டா பதில் சொல்ற மாதிரி நாப்பது பேரை வகுப்புல வச்சுக்கோங்க. மத்ததுகளைக் குடோனுக்கு அனுப்புங்க"ன்னான். மத்ததுகன்னா யாரு? சீருடை சாயம் போனதுக, திக்குறதுக, மூக்கு ஒழுகுறதுக. என் வகுப்பு இளைப்புக்காரியைப் பார்த்து, "இது இருமியே மானத்தை வாங்கும், தள்ளு"ன்னான்.

அனுமதிக்கு மேல அடைச்சிருந்த நாலு வகுப்புலயும் சேர்த்து நூத்திச் சொச்சம் புள்ளைக. சத்தம் வராமப் பார்த்துக்கணும். "நீதான்மா பார்த்துக்கணும், ஒன் கண்ணுக்குத்தான் அதுக அடங்கும்"னு என்கிட்ட வந்தான். மாட்டுனடா மாப்பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டேன்.

"சர்டிபிகேட்டு"ன்னேன்.

"சாயங்காலம் தாரேன்."

"இப்பக் குடுங்க. இல்லைன்னா நாளைக்கு எனக்குக் காய்ச்சல்."

ஒரு நிமிஷம் மொறைச்சான். பீரோவைத் தெறந்து கவரைத் தூக்கி மேசை மேல வீசுனான். நான் அவசரப்படல. பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, பி.எட்., ஒவ்வொண்ணா எடுத்து அவன் கண்ணு முன்னாலயே பார்த்து அடுக்கினேன். "நாளைக்கு வேலை முடிஞ்சதும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது"ன்னான். "நான் எங்கங்க வரப்போறேன்"னு பணிவாச் சொன்னேன்.

காரியம் முடிஞ்சது, பேசாம இருந்திரலாம். அம்மாகிட்டச் சொல்லியிருந்தா, 'விட்டுத் தள்ளு தாயீ'ன்னுதான் சொல்லியிருப்பாக. விடுறதா? ராத்திரி பூராவும் அப்பா சிரிச்ச சிரிப்புதான் கண்ணுல நின்னுச்சு. குடோனோட ஒரு பக்கத்துச் செவரு அந்தாளு ரூம் ஜன்னலுக்கு நேரா, பத்தடியில. வர்ற அதிகாரி மொதல்ல அந்த ரூம்லதான் உக்காந்து காப்பி குடிப்பாக. எனக்கு அது போதும்.

காலையில ஒன்பது மணிக்கு உள்ள போனோம். பருத்தி மூடைக கூரை வரைக்கும் அடுக்கி, நடுவுல வண்டி நிறுத்துற அளவுக்குத்தான் எடம். இருந்த ஒரே ஜன்னலையும் மூடை மறைச்சிருந்துச்சு. புள்ளைகளை ஒண்ணு மடியில ஒண்ணு உக்கார்ற மாதிரி நெருக்கி உக்கார வச்சேன். ஸ்கூல் ஆயா வெளியில இருந்து தாழ்ப்பாளைப் போட்டுட்டு அங்கனயே உக்காந்தாக. அதிகாரி பத்து மணிக்கு வருவாகன்னு பேச்சு. பத்தாச்சு, வரல. தகரம் காய ஆரம்பிச்சுச்சு. பருத்தித் தூசி காத்துல நின்னுச்சு. புள்ளைக தலையில, இமையில எல்லாம் வெள்ளை.

இளைப்புக்காரி என் காலடியில உக்காந்திருந்தா. பத்தரைக்கு அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. "டீச்சர், மூச்சு முட்டுது"ன்னா. நோட்டை எடுத்து விசிறினேன். கொண்டு போயிருந்த தண்ணியைக் குடுத்தேன். இருமல் சத்தம் கேட்டு ஆயா கதவைத் தட்டி, "டீச்சர், தெறக்கவா? அந்தப் புள்ளையை மட்டும் வெளிய விட்டா நான் பார்த்துக்கிறேன்"னாக.

தெறந்தா அந்தாளுக்குத் தெரியும். குடோனை வந்து பார்ப்பான். என்னை மாத்தி வேற ஆளைப் போடுவான். அதிகாரி வர்றதுக்கு முன்னால எல்லாம் கெட்டுப்போகும். இதெல்லாம் ஒரு கண நேரத்துல என் மண்டையில ஓடுச்சு.

"வேணாம் ஆயா"ன்னேன். அந்தப் புள்ளைகிட்ட, "பத்து நிமிஷம் பொறுத்துக்கடா தங்கம்"னேன். முகத்தைப் பார்க்காமச் சொன்னேன். பத்து நிமிஷம் ஆச்சு, இருபது ஆச்சு. இன்னும் பத்து நிமிஷம்னேன்.

பதினோரு மணி தாண்டி ஜீப்பு சத்தம் கேட்டுச்சு. அந்தாளோட குழைவான குரலு, "வாங்க சார், வாங்க சார்"ங்கிறது தகரத்தைத் தாண்டி வந்துச்சு. நாற்காலி இழுக்குற சத்தம். தம்ளர் வைக்கிற சத்தம். நான் எந்திரிச்சு நின்னேன்.

எங்க மாதிரி ஸ்கூல்ல ஸ்பெல்லிங்கை எப்படிச் சொல்லித் தருவோம்னு பார்த்தவுகளுக்குத் தெரியும். டீச்சர் ஒரு தடவை சொல்லணும், வகுப்பு மொத்தமும் தொண்டை கிழிய மூணு தடவை கத்தணும். தெரு முனை வரைக்கும் கேட்கும். சத்தத்தை வச்சுத்தான் நல்ல ஸ்கூலு, கெட்ட ஸ்கூலுன்னு பெத்தவுகளே மதிப்புப் போடுவாக.

"எல்லாரும் எந்திரிங்க. மீனிங் அண்ட் யூசேஜ். சத்தமாச் சொல்லணும். யாரு சத்தம் கூடன்னு பார்ப்போம்"னேன். ரெண்டு மணி நேரம் வாயைப் பொத்திக்கிட்டு இருந்த புள்ளைகளுக்கு அது போதாதா?

"ஓ வி இ ஆர், ஓவர்! சி ஆர் ஓ டபிள்யூ டி இ டி, க்ரௌடட்! ஓவர்க்ரௌடட்! ஓவர்க்ரௌடட்னா அளவுக்கு மிஞ்சி அடைச்ச!"

தகரம் அதிர்ந்துச்சு. மூணு தடவை முடிஞ்சதும், வாக்கியம் சொல்லுங்கன்னேன். என் வகுப்புப் புள்ளைகதான் ஆரம்பிச்சுச்சுக. நம்ம வகுப்பு ஓவர்க்ரௌடட். மத்த வகுப்புப் புள்ளைகளும் பிடிச்சுக்கிச்சுக. நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். என் தொண்டையில இருந்து அப்படி ஒரு சத்தம் அதுக்கு முன்னாலயும் வந்ததில்ல, பெறகும் வந்ததில்ல.

தாழ்ப்பாளைத் தெறந்தாக. வெளிச்சத்துல மொதல்ல தெரிஞ்சது அதிகாரி, நடுவயசு மனுசன், கையில காப்பித் தம்ளர் அப்படியே இருக்கு. பின்னால அந்தாளு. புள்ளைக தலையெல்லாம் வெள்ளையா, கண்ணைக் கசக்கிக்கிட்டு ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சுக. வந்துச்சுக, வந்துச்சுக, வந்துக்கிட்டே இருந்துச்சுக. அதிகாரி விரலை நீட்டி எண்ண ஆரம்பிச்சு, அறுபதுலயோ எழுபதுலயோ விட்டுட்டாக.

"இது டியூஷன் பசங்க சார்"னான் அந்தாளு. "சீருடையோடவா?"ன்னாக அதிகாரி. "இல்ல சார், மச்சான் குடோனைச் சுத்திப் பார்க்க வந்தாக சார். பருத்தின்னா என்னன்னு ஒரு பாடம் இருக்கு சார்." சந்தனப் பொட்டு வேர்வையில கரைஞ்சு மூக்குல வழிஞ்சுச்சு. துடைக்கத் தோணல அவனுக்கு. "தப்புத்தான் சார், இந்த ஒரு தடவை"ன்னான். எங்கப்பா சொன்ன அதே சொல்லு. நான் நல்லாக் காது குளிரக் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்குப் பால் குடிச்ச மாதிரி இருந்துச்சு.

அப்பதான் அதிகாரி படியில உக்காந்திருந்த இளைப்புக்காரியைப் பார்த்தாக. தோள் ரெண்டும் ஏறி ஏறி எறங்குது. உதடு வெளிறிக் கெடந்துச்சு. பதறிப்போய்த் தன் ஜீப்பைக் கொண்டாரச் சொல்லிட்டு, அவ பக்கத்துல குத்த வச்சு உக்காந்தாக. "எவ்வளவு நேரமாம்மா இப்படி இருக்கு?"

"பத்தரையிலிருந்து சார்."

"யாரும்மா உன்னை உள்ளயே வச்சிருந்தது?"

அந்தாளு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன், அவன் பக்கம் அவ கை நீளும்னு. அவ யோசிக்கல. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா.

"டீச்சர்தான் சார். ஆயா தெறக்கவான்னு கேட்டாக. டீச்சர் வேணாம்னுட்டாக. பத்து நிமிஷம்னாக, பெறகும் பத்து நிமிஷம்னாக."

அவ குரல்ல கோபமே இல்ல. கேட்டதுக்குப் பதில் சொன்னா, அம்புட்டுதான். ஆயா தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. அந்தாளு மொகத்துல உயிர் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். "பார்த்தீகளா சார், எல்லாம் இந்தம்மா பண்ணுன வேலை"ன்னான்.

அந்தப் புள்ளையை ஜீப்புல தேனிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாக. சாயங்காலம் இளைப்பு அடங்கி வீட்டுக்குப் போயிட்டா. அதிகாரி அந்தாளு ரூம்லயே உக்காந்து எல்லாத்தையும் எழுதுனாக. புள்ளைகளைக் குடோன்ல அடைச்சது பள்ளி நிர்வாகி. மூச்சுத் திணறுன புள்ளையை வெளிய விடாம வச்சிருந்தது வகுப்பு ஆசிரியை. ரெண்டு வரி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. "நீங்க ஏதும் சொல்றதா இருந்தா சொல்லலாம்மா, எழுதிக்கிறேன்"னு என்னைக் கேட்டாக. சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்துச்சு. எங்கப்பா அந்த ரூம் வாசல்ல எத்தனை மணி நேரம் நின்னாகன்னு சொல்லலாம். பூட்டி வச்ச சர்டிபிகேட்டைச் சொல்லலாம். அதுல எதுவும் அந்தப் புள்ளைக்கு நான் சொன்ன 'பத்து நிமிஷ'த்துக்குப் பதில் ஆகாது.

அந்தாளு மொதல்ல கையெழுத்துப் போட்டுட்டு, பேனாவை என் பக்கம் தள்ளினான். வாங்கி, அவன் பேருக்குக் கீழ என் பேரை எழுதினேன்.